மூன்று துண்டில் ஒட்டிய பேச்சு

மகன் நிஷாந்துக்கு வேலை கிடைத்த அன்று பாக்கியலெட்சுமி தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவு லயக் குடியிருப்பு முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாளே, நினைவிருக்கிறதா? இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தப் பொங்கலைத் தின்ற வாய்கள்தான் நேற்று அவளைக் கண்டதும் காறித் துப்பின.

காரணம் எல்லார் போனுக்கும் வந்த ஒரு வீடியோ. ஒரு நிமிடம் பத்து செக்கன்.

போன மழைக்கு மேற்பிரிவு லயத்துக்குப் பின்னால் மலை வெடித்து, கை நுழைகிற அளவுக்குப் பிளவு விட்டது. இருபத்திரண்டு குடும்பம் அதற்குக் கீழே படுத்து எழும்புகிறது. புது வீடு கட்டித் தருகிறோம் என்று 'நிழல்மனை'த் திட்டம் என்ற பெயரோடு சிலர் வந்தார்கள். அவர்களிடம்தான் நிஷாந்துக்குக் கமெரா பிடிக்கிற வேலை. இன்று பிற்பகல் இரண்டு மணிக்குப் பசறையில் கூட்டம். யாருக்கு வீடு என்று அங்கே முடிவாகும்.

அந்த வீடியோவில் ஒரு குரல் கேட்கிறது, "புது வீட்டுக்குப் போக விருப்பமா?" பாக்கியலெட்சுமி பதில் சொல்கிறாள்: "எங்களுக்கு வேணாங்க. இங்கயே இருக்கோம். இதுதான் எங்களுக்குச் சரி."

இருபத்திரண்டு குடும்பத்தின் தலையிலும் மண்ணைப் போட்டவள் என்று ஊர் அவளை ஒதுக்க, அந்த ஏழு சொல் போதுமானதாக இருந்தது.

*

காலை எட்டரைக்குப் பதுளையில் பாறூக் நானாவின் ஸ்டூடியோக் கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா உள்ளே வந்தபோது, அங்கே எடிட்டிங் செய்கிற மகள் மதுஷா யாருடைய கலியாண வீடியோவுக்கோ பாட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தாள். அம்மா காலையில் வேலைக்குப் பெயர் பதிகிற பெரட்டுக்குப் போகாமல், முதல் பஸ்ஸைப் பிடித்து மடுல்சீமையிலிருந்து வந்திருக்கிறாள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. இருபத்தெட்டு வருசத்தில் அவள் பெரட்டை விட்டது பிள்ளைப்பேற்றுக்கும், புருசன் செத்த அன்றைக்கும்தான்.

"நீ பாத்தியா?" என்றாள் அம்மா. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

"பாத்தேம்மா."

"பாத்துட்டு ஏன் எனக்கு ஒரு கோல் எடுக்கல?"

மதுஷா திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். உண்மை கேவலமாக இருந்தது. நேற்று அந்த வீடியோவைப் பார்த்ததும் அவளுக்கு அம்மா மேல்தான் கோபம் வந்தது. 'மகன் வேலை பாக்கிற இடமாச்சேன்னு நல்ல பேரு வாங்கப் போயிருக்கா' என்று பொருமிவிட்டுப் போனை வைத்தவள் அவள். வெட்டுவதும் ஒட்டுவதுமே தொழிலாகக் கொண்டவளே நம்பிவிட்டாள் என்றால், லயத்துச் சனத்தைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

"நீயும் நம்பிட்டியாக்கும்," என்றாள் பாக்கியலெட்சுமி. "நல்லது. பெத்த வகுறு குளுந்துபோச்சு."

"அம்மா..."

"பெரியாயி என்ன கேட்டா தெரியுமா? பக்கத்துக் காம்பிராக்காரி, உப்பு இல்லைன்னா எங்கிட்ட வர்றவ. 'ஒனக்கு லயம் போதும்னா நீ கெட. எம் பேரப்புள்ளைகள எதுக்குடி ஒங்கூடச் சேத்து மண்ணுக்குள்ள வைக்கிற'ன்னு பைப்படியில வச்சுக் கேட்டா. நான் அப்பிடிச் சொல்லலடின்னு சொல்றேன், போன எம் மூஞ்சிக்கு நேரா புடிக்கிறா. அதுல நான்தான் பேசுறேன். எங் கொரலுதான். ஆனா நான் சொல்லல. இது என்னா அநியாயம்?"

பாறூக் நானா கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "மொதல்ல இரிங்கம்மா. புள்ள, அந்தப் பெரிய ஸ்க்ரீன்ல போடு. அம்மா சரியாப் பார்க்கட்டும்."

மதுஷா வீடியோவை இறக்கி எடிட்டிங் திரையில் போட்டாள். பாக்கியலெட்சுமி கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். தன் முகத்தை அவ்வளவு பெரிதாக அவள் பார்த்ததில்லை. ஆனால் அவள் பார்த்தது முகத்தை அல்ல.

"நிப்பாட்டு. பின்னுக்குப் போ."

மதுஷா அம்புக்குறியைத் தட்டித் தட்டி ஒவ்வொரு படமாகப் பின்னால் போனாள்.

"இந்தா. இங்க இடுப்புல படங்கு இருக்கு. இப்ப முன்னுக்குப் போ. நடுவுல கொழுந்து காட்டுறாங்க... கை காட்டுறாங்க... இந்தா, இப்பப் பாரு. படங்கு எங்க?"

இடுப்பில் படங்கு இல்லை.

"இன்னும் போ."

மூன்றாவது வாக்கியத்தில் படங்கு மறுபடி வந்திருந்தது.

கொழுந்தெடுக்கிறவள் மலை ஏறும்போது இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற தடித்த சாக்கு அது. பகல் சோற்றுக்கு இறங்கும்போது அவிழ்ப்பாள், திரும்ப ஏறும்போது கட்டுவாள். நாளைக்கு இரண்டு முறை, வருசம் முழுக்க.

"ஒரே மூச்சுல மூணு வார்த்த பேசுறவ, நடுவுல படங்க அவுத்துப் போட்டுட்டு மறுபடி கட்டிக்கிட்டா பேசுவா?" அம்மாவின் குரல் உயர்ந்தது. "வேற வேற நேரத்துல பேசினத எடுத்து ஒட்டியிருக்கானுவ. மலைக்குப் போகாதவன் எவனோ பாத்த வேல இது!"

மதுஷாவுக்கு முகம் எரிந்தது. நடுவே கொழுந்தையும் கையையும் காட்டியது எதற்கென்று அவளுக்கு நேற்றே தெரிந்திருக்க வேண்டும். வெட்டு தெரியாமலிருக்க மேலே வேறு படத்தைப் போட்டு மூடுவது அவளே தினம் செய்கிற வேலை. மாப்பிள்ளை கொட்டாவி விட்டால் மேலே ஒரு பூமாலையைப் போட்டு மூடுவாள்.

*

"எங்கேயோ கொழும்புல வெச்சு வெட்டியிருப்பானுகள்," என்றார் பாறூக் நானா.

மதுஷா எடிட்டிங் மென்பொருளின் முதல் பக்கத்தைத் திறந்தாள். கடைசியாகச் செய்த வேலைகளின் பட்டியல் அதில் வரும். ஒரு கலியாணம், ஒரு சடங்கு, ஒரு கத்னா வீடு, இன்னொரு கலியாணம். அவற்றுக்கு நடுவில் அவள் செய்யாத ஒன்று இருந்தது. பெயர்: 'மேற்பிரிவு கடைசி'. திறந்த திகதி பௌர்ணமி விடுமுறையான போயா தினம்.

போயாவன்று ஸ்டூடியோ பூட்டு.

"சாவி ரெண்டு," என்றார் பாறூக் நானா மெதுவாக. "ஒண்டு ஏன்ட கையில. மத்தது ஒன்ட பேக்ல."

அன்று அவள் தங்கியிருந்த அறைக்குப் பகல் சாப்பாட்டுக்கு வந்தவன் அண்ணன் மட்டும்தான். சாப்பிட்டுவிட்டு, "டவுனுக்குப் போயிட்டு வாறேன்" என்று போனான். மூன்று மணிநேரம் கழித்து வந்து, அவள் பேக் கிடந்த கட்டிலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தான்.

அவள் அந்த வேலையைத் திறந்தாள். திரையின் கீழ்ப்பாதியில் டைம்லைன் விரிந்தது. மேல் வரிசையில் படத் துண்டுகள், கீழ் வரிசையில் குரல் துண்டுகள். ஆனால் படம் தெரிய வேண்டிய இடம் முழுக்கச் சிவப்பு.

"ஏன் செவப்பா இருக்கு?" என்றாள் அம்மா.

"படம் இந்தக் கொம்பியூட்டர்ல இல்லம்மா. இதுல இருக்கிறது எங்க வெட்டணும், எங்க ஒட்டணுங்கிற குறிப்பு மட்டுந்தான். படம் வேற டிஸ்க்ல இருக்கு. அதக் கொண்டாந்து செருகினாத்தான் தெரியும்."

படம் இல்லாவிட்டாலும் துண்டுகளின் மேல் எண்கள் இருந்தன. அம்மா பேசுகிற முதல் துண்டு கமெராவின் பதினாலாவது கிளிப். அடுத்தது ஒன்பதாவது. கடைசித் துண்டு முப்பத்தோராவது. ஒரு பதிலுக்கு மூன்று கிளிப், அதுவும் முன்னுக்குப் பின்னாக.

அவள் கண்ணைக் குத்தியது இன்னொன்று. ஒவ்வொரு குரல் துண்டும் தன் படத்துக்கு அரை செக்கன் முன்பே தொடங்கியது. ஆள் திரையில் வருமுன் குரலைக் கேட்க விட்டால் வெட்டு உறுத்தாது என்று அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். இரண்டு வருசம் வேலையில்லாமல் லயத்தில் உட்கார்ந்திருந்தவனை இந்தக் கதிரையில் இருத்தி, ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிக் கொடுத்தாள். நன்றாகத்தான் படித்திருக்கிறான்.

"வெட்டுன பேச்செல்லாம் போச்சா?" என்றாள் அம்மா.

"போகாதும்மா. வெட்டுன ஓரத்துக்குப் பின்னால அப்பிடியே ஒளிஞ்சிருக்கும். ஓரத்தப் புடிச்சு இழுத்தா முழுசா வரும். டிஸ்க் மட்டும் வேணும்."

"டிஸ்க் யாருகிட்ட இருக்கு?"

மதுஷா பாறூக் நானாவைப் பார்த்தாள். அவர் அலுமாரியைத் திறந்து, வெளி வேலைக்குக் கொண்டுபோகிற லெப்டொப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

"அந்த வேலைய இதுல ஏத்திக்கொண்டு போ புள்ள. ஏன்ட கடைக்குள்ள நடந்த ஹராமான வேல இது. எனக்கும் இதுல ஒரு பங்கு ஈக்கி."

*

பசறை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வளைவுகளில் லெப்டொப் பை மடியில் சரிந்து சரிந்து வந்தது. இனியும் மறைத்தால் அவளும் அண்ணனைப் போலத்தான் என்று மதுஷாவுக்குத் தோன்றியது. வெட்டியது யார், டிஸ்க் யாரிடம் என்று சொல்லிவிட்டாள்.

அம்மா முதலில் சிரித்தாள். "நிஷாந்தா? போடி. அவன் புடிச்சான். வெட்டுனது வேற எவனாச்சும்."

"அண்ணன்தாம்மா. சாவிய எடுத்திருக்கு. கையும் அண்ணன் கைதான், எனக்குத் தெரியும்."

அம்மா சரிந்த பையை நிமிர்த்தி மகளின் மடியில் வைத்தாள்.

"நான் என்னா சொன்னேன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு," என்றாள் பிறகு. "அந்தத் திட்டத்து இணைப்பாளர் சேர் கேட்டாரு, மழை வந்தா ஸ்கூல்ல போய்ப் படுக்கலாந்தானேன்னு. அதுக்குத்தான் 'எங்களுக்கு வேணாங்க'ன்னேன். மூட்டையக் கட்டிக்கிட்டு எத்தன வாட்டி ஸ்கூலுக்கு ஓடுறதுன்னேன். அவன் கமெராவுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான்."

"ஆமாம்மா."

"கேட்டுக்கிட்டு இருந்தவன்தான் வெட்டுனானா?" அவள் கை மதுஷாவின் கையை இறுக்கியது. "நான் மலையில நின்னு அட்டை கடிச்சு வளத்த புள்ளடி. அவன் என்னயவே வெட்டுவானா?"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அம்மா அவரையும் முறைத்தாள்.

*

மண்டபத்தில் மேற்பிரிவுச் சனம் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தது. பாக்கியலெட்சுமி உள்ளே நுழைந்தாள். பெரியாயி தன் பக்கத்து வாங்கில் பையைத் தூக்கி வைத்தாள், இடம் இல்லை என்பதற்கு. பாக்கியலெட்சுமி சுவரோரம் போய் நின்றாள்.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை. அதில் புரஜெக்டர், லெப்டொப், கறுப்பு டிஸ்க் ஒன்று. மேசைக்குப் பின்னால் திட்டத்தின் பெயர் போட்ட சட்டையோடு நிஷாந்த். அம்மாவைக் கண்டதும் அவன் முகத்தில் இரத்தமில்லை.

மதுஷா நேராக அவனிடம் போனாள்.

"அண்ணா, டிஸ்கக் குடு."

"இப்ப வேணாம் தங்கச்சி. கூட்டம் முடியட்டும். நான் எல்லாம் சொல்றேன்."

"முடிஞ்சதுக்குப் பொறகு என்னத்தச் சொல்லப் போற? லிஸ்ட்ல பேர வெட்டினதுக்குப் பொறகா?"

"ஒனக்குப் புரியாது. சுருக்கிக் குடுன்னாங்க. சுருக்கினேன். வேலை நிரந்தரமாகிற நேரம்."

"சுருக்கினியா? அம்மா சொன்னதத் தலகீழா ஆக்கியிருக்க! இதுக்குப் பேரு சுருக்குறதா?"

அதற்குள் இணைப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டார். மடிப்புக் கலையாத சட்டை, இனிமையான குரல். "யாரையும் பலவந்தமா எழுப்பிக் கொண்டுபோக எங்களால ஏலாது. மேற்பிரிவு மக்கள் தங்கட விருப்பத்தத் தெளிவாச் சொல்லியிருக்காங்க. அத ஒருதரம் பாத்துட்டு, வேற தோட்டத்துக்கு இந்த வாய்ப்பைக் குடுப்பம். தம்பி, போடுங்க."

நிஷாந்த் அசையவில்லை. இணைப்பாளரே எட்டி ஒரு பொத்தானைத் தட்டினார்.

சுவரில் பாக்கியலெட்சுமி பெரிதாகத் தோன்றினாள். "எங்களுக்கு வேணாங்க..."

சுவரோரம் நின்றவள் நடந்தாள். வாங்குகளுக்கு நடுவால் வந்து மேடையேறி, அந்த வெளிச்சத்துக்குள் நின்றாள். படத்திலிருந்த வாய் அவள் சேலையில் அசைந்தது.

"நிப்பாட்டு."

"அம்மா, கீழ இறங்குங்க," என்றார் இணைப்பாளர்.

"நான் ஒன்னும் இறங்கல. இதுல பேசுறது நான். நான் சொன்னத முழுசாப் போடுங்க. அது ஒங்ககிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியும். பாதியப் போட்டு எங்க சனத்துக்கிட்டயே என்னயத் துப்பு வாங்க வச்சீங்களே, மீதியையும் போடுங்க." அவள் மகனின் பக்கம் கையை நீட்டினாள். "டிஸ்கக் குடு."

அவள் சத்தம் போடவில்லை. அப்படிக் கை நீட்டினால் கொடுக்காமல் இருந்து அவனுக்குப் பழக்கமில்லை. நிஷாந்த் டிஸ்க்கைக் கழற்றினான். தங்கையின் கையில் வைக்கும்போது, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்:

"மொத ரெண்டு துண்டும் போதும். மூணாவத இழுக்காத. ஒன் காலப் புடிக்கிறேன்."

மதுஷா புரஜெக்டர் வயரையும் டிஸ்க்கையும் தன் லெப்டொப்பில் செருகினாள். சுவர் சிவப்பானது. காணாமல் போன படங்கள் எந்த இடத்தில் என்று மென்பொருள் கேட்க, அவள் டிஸ்க்கைக் காட்டினாள். சிவப்பு ஒவ்வொரு துண்டாக மறைந்து, அம்மா அம்மாவாக வந்தாள்.

முதல் துண்டின் வலது ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். துண்டு நீண்டது. ஓட விட்டாள்.

"எங்களுக்கு வேணாங்க. ஒவ்வொரு மழைக்கும் மூட்டையத் தூக்கிக்கிட்டு ஸ்கூல்ல போயி படுக்க முடியாது. வீட்டக் கட்டிக் குடுங்க, அன்னைக்கே போறோம்."

மண்டபத்தில் ஒரு சத்தம் எழுந்தது. பெரியாயி வாயில் கை வைத்தாள்.

இரண்டாவது துண்டை இரு பக்கமும் இழுத்தாள்.

"மூணு தலமொறையா இங்கயே இருக்கோம். ஒரு சாண் காணி எங்க பேருல இல்ல."

"இது தொழில்நுட்பக் கோளாறு," என்றார் இணைப்பாளர். "தம்பி, அதை மூடுங்க!"

நிஷாந்த் மூடவில்லை. கைகள் இரண்டையும் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். மதுஷாவின் விரல் மூன்றாவது துண்டின் ஓரத்தில் இருந்தது. அண்ணன் கெஞ்சியது காதிலிருந்தது. சின்ன வயதில் அவன் அவளுக்குப் பால்மாக் கரைத்துக் கொடுத்தது, அவன் வாங்கித் தந்த முதல் செருப்பு, எல்லாம் நினைவு வந்தது. அம்மா வெளிச்சத்துக்குள் இன்னும் அசையாமல் நின்றாள்.

இரண்டு ஓரத்தையும் இழுத்தாள்.

படத்தில் பாக்கியலெட்சுமி மேலே கை காட்டினாள். "அந்தா, பாறைக்கு அந்தப் பக்கத்து மேட்டு நெலம். தண்ணி இருக்கு, மண்ணு கெட்டி. இதுதான் எங்களுக்குச் சரி." சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு படத்தை விட்டுப் போய்விட்டாள்.

கமெராவை யாரும் நிறுத்தவில்லை. வெறும் தேயிலையும் மேகமும் ஓடின. பின்னால் இணைப்பாளரின் அதே இனிமையான குரல் கேட்டது.

"அந்த மேட்டு நிலத்தப் பத்தின பேச்சு எங்கயும் வரக்கூடாது தம்பி. அது வேற ஆளுக்குப் போய் முடிஞ்சிட்டு. இந்தச் சனமே வேணாமெண்டு சொன்ன மாதிரி ஒண்டு செஞ்சு தாங்க. விளங்கினதா?"

ஒரு கணம் காற்றின் இரைச்சல் மட்டும். பிறகு இன்னொரு குரல்.

"சரிங்க சேர். அம்மாவ வச்சே செஞ்சிரலாம். அம்மா சொன்னா நம்புவாங்க."

 பாக்கியலெட்சுமி இணைப்பாளரைப் பார்க்கவேயில்லை. மகனைப் பார்த்தாள்.

"அது யாரு கொரலு?"

"அம்மா..."

"எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லு. அது யாரு கொரலு?"

"என் கொரலுதாம்மா," என்றான் நிஷாந்த்.

இணைப்பாளர் சுவரிலிருந்த மின் பொத்தானை நோக்கிப் பாய்ந்தார். அதற்கு முன்பே தோட்டத் தலைவர் மாரிசாமி அங்கே போய் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டார். அவருக்குப் பக்கத்தில் பெரியாயி போய் நின்றாள். பிறகு இன்னும் நாலு பேர்.

சுவரில் மேகம் ஓடிக்கொண்டிருந்தது. மேட்டு நிலம் யாருக்குப் போனது என்று வீடியோவில் இணைப்பாளரின் குரல் அடுத்து ஏதோ சொல்லத் தொடங்கியிருந்தது. டைம்லைனில் அந்தத் துண்டுக்கு இன்னும் நான்கு நிமிடம் பாக்கி இருந்தது.

மதுஷா நிறுத்தட்டுமா என்பதுபோல் அம்மாவைப் பார்த்தாள்.

"ஓடட்டும்," என்றாள் பாக்கியலெட்சுமி. கண்ணீரைத் துடைக்கவுமில்லை. "எம் பேச்ச வெட்டுனாங்கள்ல? இவங்க பேச்சு ஒரு சொல்லு கொறையாம ஓடட்டும்."